ஆதிகேசவன் மாமாவின் ஒற்றைத் தும்மல்

என் அக்கா இந்திராணியின் வீட்டுக்காரர் ஆதிகேசவன் மாமா பேசமாட்டார். ஊமையில்லை, கோபக்காரரும் இல்லை. பேசும்படியாக உலகத்தில் எதுவும் நடக்கவில்லை என்பது அவருடைய எண்ணம். கல்யாணமான புதிதில் அக்கா அம்மா வீட்டுக்கு வந்து, "அந்த மனுஷன் வாயில இன்னாத்த வச்சிக்கினு கீறாரோ தெர்ல, தொறக்கவே மாட்டேங்கறாரு" என்று மூக்கைச் சிந்தினாள். அக்கா என்ன கேட்டாலும் மாமாவிடம் இரண்டு பதில்கள்தான் இருந்தன. ஒன்று "ம்", இன்னொன்று "சரி".

பிச்சாட்டூரிலிருந்து நாகலாபுரம், சத்தியவேடு வழியாக ஸ்ரீசிட்டிக்குப் போகும் ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு அவர் டிரைவர். காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் சாயந்திரம் கொண்டுவந்து விடுவார். அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. சார்ஜர் பொருத்தும் லைனில் நின்றபடியே எட்டு மணி நேர வேலை எனக்கு. என் வீடு அக்கா வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. மாமாவை லுங்கியிலும் பார்க்கிறேன், காக்கியிலும் பார்க்கிறேன். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் மண்டலத்திலேயே கிடையாது.

அவர்களுடைய ஒரே மகள் ஹர்ஷினி பெங்களூருக்கு வேலைக்குப் போன வருஷம் புஜ்ஜி வந்தது. மழை கொட்டிய ஒரு நாள், பஸ்ஸின் டூல் பெட்டிக்குள் ஒரு பூனைக்குட்டி ஒண்டிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் வெள்ளை. மாமா அதைக் காக்கிச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வந்தார். எங்கள் பக்கம் தமிழ் வீடானாலும் தெலுங்கு வீடானாலும் செல்லமான எதற்கும் புஜ்ஜி என்றுதான் பெயர். அதனால் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை.

அன்று சாயந்திரம் அக்கா அடுப்படியில் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஆண் குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்து மிக்ஸியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தால், மாமா நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கிடந்த குட்டியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

"நாகலாபுரம் வளைவுல ஒரு லாரிக்காரன் குறுக்க பூந்துட்டான் புஜ்ஜி. நான் ஒரு வார்த்தை சொல்லல. பார்த்தேன், அவ்ளோதான். அவனா ரிவர்ஸ் எடுத்துக்கினு போய்ட்டான்."

அக்கா மிக்ஸியை மறுபடி போடவேயில்லை. அன்று சட்னி பாதியில் நின்றது. அடுத்த நாளிலிருந்து அவளுடைய வேலை நேரமே மாறிவிட்டது. அரைப்பது, தாளிப்பது, பாத்திரம் உருட்டுவது எல்லாவற்றையும் மாமா வருவதற்குள் முடித்துவிடுவாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் டிவியில் சீரியல் வாயசைக்கும், சத்தம் வராது. அக்கா அடுப்படிக் கதவோரம் நின்று கீரை ஆய்வாள். ஆய்ந்த கீரையையே திரும்ப ஆய்வாள். பூனைக்குச் சொல்லப்படும் செய்தி முழுவதையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் பஸ் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, "உனக்கு விஷயம் தெரியுமாடி?" என்று ஆரம்பிப்பாள். இத்தனை வருஷ சம்சாரத்தில் புருஷனுக்கு இட்லியைவிட உப்புமா பிடிக்கும் என்பதே அவளுக்குப் பூனை மூலமாகத்தான் தெரிந்தது.

நீயே அவரிடம் கேட்டால் என்ன என்று நான் ஒரு தரம் சீறினேன். "கேட்டா மூடிக்குவாருடி. பூனை கேள்வி கேக்கறதில்ல பாரு" என்றாள். சொல்லிவிட்டு அதற்கு எங்கள் ஊர் அணையில் பிடிக்கும் டேம் மீன் வாங்கப் போனாள். பேருக்குத்தான் அது மாமாவின் பூனை. முள்ளெடுத்து ஆறவைத்து ஊட்டாத குறையாக வளர்த்தவள் அவள்.

புஜ்ஜி வளர்ந்தது. மாமாவின் மூக்கும் கூடவே சிவந்துகொண்டு வந்தது. முதலில் காலையில் எழுந்ததும் மூக்கு ஒழுகியது, கண் அரித்தது. பிறகு பஸ்ஸில் ஏறி சாவியைத் திருகும் நேரத்தில் ஒரு தும்மல். பஸ் கண்ணாடியே அதிரும்படி ஒன்றே ஒன்று.

இங்கேதான் வில்லங்கம். கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் எங்கள் பக்கம் யாரும் அடியெடுத்து வைக்கமாட்டார்கள். உட்கார்ந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். இரண்டு தும்மல் விழுந்தால் தோஷமில்லை. எங்கள் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு சண்டை வரும், பாட்டுக்கு சண்டை வரும், தமிழும் தெலுங்கும் கலந்து திட்டிக்கொள்வோம். ஆனால் தும்மல் விஷயத்தில் அத்தனை பேரும் ஒரே கட்சி.

"அண்ணா, நில்லு! ஒத்தைத் தும்மல்!" என்று முதல் சீட்டிலிருந்து தேன்மொழி கத்துவாள். அவள் எங்கள் பஸ்ஸின் சட்டசபை, கோர்ட்டு எல்லாமே. பின் சீட்டிலிருந்து தெலுங்குப் பெண்கள், "அன்னா, நீள்ளு தாகண்டி" என்று தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றி முன்னால் அனுப்புவார்கள். மாமா இன்ஜினை அணைத்து, கீழே இறங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி ஏறி, சாவியைத் திருகி, மறுபடி தும்முவார்.

அது பழைய தும்மலோடு சேர்ந்து இரண்டாகுமா, அல்லது புதிய ஒற்றையா? தேன்மொழி தீர்ப்புச் சொன்னாள்: "தண்ணி குடிச்சாச்சின்னா கணக்கு புதுசு." மாமா மறுபடி இறங்கினார். ஒரு நாள் அவளே பொறுமையிழந்து துப்பட்டா நூலைத் திரித்து மூக்கில் விட்டு, மாமா தும்மியதும் தானும் ஒன்று தும்மி ஜோடி சேர்த்துவிட்டாள். இரண்டும் ஒரே மூக்கிலிருந்து வரவேண்டும் என்று பாதிப் பேரும், பஸ்ஸுக்குள் விழுந்தால் போதும் என்று மீதிப் பேரும் பிரிந்து நாகலாபுரம் வரைக்கும் கத்திக்கொண்டு போனோம். நான் ஒரே மூக்குக் கட்சி.

இதனால் பஸ் தினமும் தாமதம். கேட்டில் கை ரேகை வைக்கும் இடத்தில் எங்கள் லைன் லீடர் முறைத்தபடி நிற்பார். கடைசியில் போக்குவரத்துப் பொறுப்பாளர் நாகபூஷணம் மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் என்ன சொன்னார் என்பதை மாமா எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. புஜ்ஜியிடம் சொன்னார். கீரைக்கட்டோடு நின்ற அக்கா வழியாக, மரியாதைக்குப் போடும் தெலுங்குக் 'காரு' உட்பட, எனக்கு வந்த செய்தி இது: "ஆதிகேசவன் காரு, டிரைவர் தும்மினாருன்னு நான் மேல எப்படிங்க ரிப்போர்ட் போடறது? இது இப்படியே போனா உங்கள ஷெட்டுல உக்கார வச்சிட்டு வேற ஆளத்தான் அனுப்பணும்."

ஷெட்டில் உட்கார்வது என்றால் மாமாவுக்கு அது ஜெயில். அக்கா விழுந்தடித்துக்கொண்டு வைத்தியத்தில் இறங்கினாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் சாம்பிராணி. வெள்ளிக்கிழமை மட்டும் போட்டதை இருவேளையும் போட்டாள். கூடம், படுக்கையறை, மடித்துவைத்த காக்கிச் சட்டை எதையும் விடவில்லை. ஒரு நாள் கரண்டியில் நெருப்போடு பஸ்ஸுக்கே வந்து டிரைவர் சீட்டைச் சுற்றிப் புகை போட்டாள். அன்று மாமா தும்மிய தும்மல்களை ஒற்றை, இரட்டை என்று தேன்மொழியாலேயே பிரிக்க முடியவில்லை. மருந்துக் கடைக்காரர் கொடுத்த சளி மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. "இத்தப் போட்டுக்கினு ஸ்டீரிங் புடிச்சா பாவம் புஜ்ஜி" என்று பூனையிடம் சொல்லிவிட்டு மாமா அதைக் குப்பையில் போட்டார்.

கடைசியில் திருப்பதிக்கு, அலர்ஜி பார்க்கும் டாக்டர் யாமினியிடம் கூட்டிப்போனோம். சின்ன வயது, சிரித்த முகம். நாங்கள் தமிழில் சொல்ல, அவர் தெலுங்கில் கேட்க, நடுவில் இரண்டும் கலந்து ஓடியது.

"வீட்ல பூனை, நாய் ஏதாச்சும் வளக்கறீங்களா?"

மாமா சட்டென்று, "லேது" என்றார். இல்லையாம். தெலுங்கில் சொன்னால் பொய்யாகாது என்று நினைத்தாரோ என்னவோ. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வேகத்தடைக்குக்கூட மனசாட்சியோடு வேகம் குறைக்கிற மனிதர் அவர். நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அந்தப் பூனை வழியாகத்தான் செய்தி வந்துகொண்டிருந்தது.

டாக்டர் மாமாவின் முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து ஊசி முனையால் லேசாகக் கீறினார். தூசிக்கு ஒரு சொட்டு, கரப்பானுக்கு ஒன்று, மகரந்தத்துக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று. கொஞ்ச நேரத்தில் மற்றதெல்லாம் சும்மா இருக்க, ஒரே ஓர் இடம் மட்டும் சிவந்து வீங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"ஆதிகேசவன் காரு, உங்க கைக்குப் பொய் சொல்லத் தெரியல."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "அது பூனை இல்லீங்க" என்றார். கொஞ்சம் விட்டு, "புஜ்ஜிங்க" என்றார்.

டாக்டர் சிரித்ததில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் நிதானமாக விளக்கினார். ஆகாதது முடி இல்லையாம். பூனை தன்னை நக்கிக்கொண்டே இருக்கிறதே, அந்த எச்சிலும் தோலிலிருந்து உதிரும் பொடுகும்தானாம். எச்சில் காய்ந்து கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறக்கும், துணியில் ஒட்டும், திரைச்சீலையில் ஒட்டும், பூனை இல்லாத இடத்துக்கும் சட்டையோடு போகும். "பூனை எங்க தூங்குது?" என்று கேட்டார்.

"இவரு மடிச்சி வச்ச காக்கிச் சட்டை மேல" என்றாள் அக்கா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் தினமும் காலையில் பூனையை உடுத்திக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்.

மாமாவை ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு மூக்கோட நிக்குது. நெஞ்சுக்கு எறங்கி இழுப்பு வந்துச்சுன்னா பூனைய வச்சிக்கவே கூடாது" என்றார் டாக்டர். தினமும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும், தூக்கம் அதிகம் வராத மாத்திரையும் எழுதினார். மாத்திரையை முதலில் லீவு நாளில் போட்டுப் பார்த்து, தூக்கம் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் பஸ் ஓட்டவேண்டும் என்றார். பூனையை வேறு வீட்டில் விடுவதுதான் முழு நிவாரணம், வைத்துக்கொள்வதானால் வீட்டையே ஒழுங்கு பண்ணவேண்டும், வேலை நிறைய என்றார்.

அக்கா யோசிக்கவேயில்லை. "அவரு மூச்சுக்கு முன்னால பூனை பெருசா?" என்று வெதுருகுப்பத்திலிருக்கும் எங்கள் பெரியம்மா மகன் உமாபதிக்கு அன்றைக்கே போன் போட்டாள். அவனுக்கு எலித்தொல்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஒரு மூடிபோட்ட கூடையோடு வந்து புஜ்ஜியை வாங்கிக்கொண்டு போனான். கூடை தெருமுனை திரும்பும்வரை உள்ளிருந்து கத்தல் கேட்டது. மாமா அந்த நேரத்தில் கழுவிய பஸ்ஸையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சில்லை. மாமா வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், படுத்தார். அக்கா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கதவோரம் நின்றது நின்றபடியே. "இன்னிக்கி இன்னா ஆச்சி?" என்று துணிந்து கேட்டாள். "ம்" என்று பதில் வந்தது. இதில் பெரிய கொடுமை, தும்மலும் நிற்கவில்லை. மறு வாரமும் பஸ் தாமதம்தான். நான் கொதித்துப் போய் டாக்டருக்குப் போன் செய்தேன். "பூனை போயிடுச்சு. அது விட்டுட்டுப் போன தூள் உங்க வீட்லதானே இருக்கு? தொடச்சி எடுக்கலன்னா மாசக்கணக்குல இருக்கும்" என்றார்.

அதை அக்காவிடம் சொல்லப் போனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் அழுதுகொண்டிருந்தாள். "அந்த மனுஷன் இன்னா பண்றாரு, எங்க போறாரு, யாரு இன்னா சொன்னா, ஒண்ணும் தெர்லடி ரூபா. லாட்ஜில தங்கினு போற ஆளு மாதிரி கீறாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குப் பூனை வேணுமா, மாமா மூக்கு வேணுமா? ஒண்ணு சொல்லு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னாள்: "ரெண்டும் வேணும்டி."

அவ்வளவுதான். எப்படியும் வீட்டைத் துடைத்தே ஆகவேண்டும். அடுத்த நாள் நான் லீவு போட்டேன். திரைச்சீலைகளைக் கழற்றினோம். கூடத்தில் கிடந்த பழைய ஜமுக்காளத்தைச் சுருட்டி வெளியே எறிந்தோம். தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டோம். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் எழும்பும் என்பதால் சுவர் முதல் மின்விசிறி வரைக்கும் ஈரத்துணி. சாம்பிராணிக் கரண்டியை அக்கா பரண்மேல் வைத்தாள். "சாமி கோச்சிக்காதா?" என்றேன். "சாமிக்கும் தும்மல் வந்துகினு இருந்திருக்கும்" என்றாள்.

வேலை முடிந்த பிறகு அவளே பஸ் பிடித்து வெதுருகுப்பம் போனாள். உமாபதி வீட்டில் புஜ்ஜி ஒரு எலியைக்கூடத் தொடவில்லையாம், டேம் மீன் கேட்டுக் கத்தியதாம். அவன் சந்தோஷமாகக் கூடையோடு கொடுத்தனுப்பினான். சாயந்திரம் மாமா வீட்டுக்குள் வந்தபோது கூடத்தில் புஜ்ஜி உட்கார்ந்து தன் காலை நக்கிக்கொண்டிருந்தது. மாமா நின்றார். கையில் இருந்த டிபன் கேரியரைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அக்கா குறுக்கே வந்து சட்டத்தைப் படித்தாள்.

"படுக்கற ரூமுக்குள்ள இது வரக்கூடாது. உங்க மடியில ஏறக்கூடாது. தொட்டா கை கழுவணும். ஸ்பிரே ஒரு நாள் மறந்தாலும் கூடை ரெடியா கீது."

"சரி" என்றார் மாமா. வாழ்க்கையில் அவர் அத்தனை சந்தோஷமாகச் "சரி" சொல்லி நான் கேட்டதில்லை.

காக்கிச் சட்டை என் வீட்டுக்குக் குடிவந்தது. தினமும் காலையில் மாமா குளித்துவிட்டு லுங்கியும் துண்டுமாகத் தெருவைக் கடந்து என் வீட்டுக்கு வருவார், காக்கி போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார். சாயந்திரம் என் வீட்டில் காக்கியைக் கழற்றிவிட்டு லுங்கியில் அவர் வீட்டுக்குப் போவார். பெண்டாட்டி துரத்திவிட்டாள், மச்சினி வீட்டில் தங்கியிருக்கிறார் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. டீக்கடை வேங்கடாசலம் அக்காவிடமே துக்கம் விசாரித்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

புஜ்ஜிக்குத்தான் கஷ்டம். மூடிய படுக்கையறைக் கதவைப் பிராண்டிப் பிராண்டிப் பார்த்தது. அக்கா ஒரு பழைய காக்கிச் சட்டையைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் விரித்துப் போட்டதும் அதற்குள் போய்ச் சுருண்டுகொண்டது. அந்தச் சட்டையையும் வாராவாரம் வெந்நீரில் துவைக்கிறாள்.

பஸ்ஸில் தும்மல் குறைந்தது. ஒரு காலையில் மாமா சாவியைத் திருகினார், பஸ் உறுமியது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். ஒன்றும் விழவில்லை. பின் சீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் பழக்கதோஷத்தில் பாதி தூரம் வந்துவிட்டது. "இன்னாண்ணா, இன்னிக்கி தும்மல் எங்க?" என்றாள் தேன்மொழி, ஏமாந்துபோன குரலில். நான் எழுந்து நின்று பூனைக் கதை முழுவதையும் சொன்னேன். குறுக்கே போனாலே ஆகாத பூனை, சட்டைமேலேயே படுத்ததா என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சத்தியவேடு வருவதற்குள் தேன்மொழி தீர்ப்பு வழங்கிவிட்டாள். பூனையால் வரும் தும்மல் சகுனத்தில் சேராது, அது வெறும் வியாதி. அதிலிருந்து என்றைக்காவது மாமா தும்மினால் பஸ்ஸே ஒரே குரலில், "புஜ்ஜிது!" என்று கத்தும். மாமா நிற்காமல் ஓட்டுவார். நாகபூஷணத்துக்கு ரிப்போர்ட் எழுதும் வேலை மிச்சம்.

ஆனாலும் அக்காவுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. கூடையை உமாபதிக்குத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள். மழைக்காலம் முடிந்து திருப்பதியில் மறுபடி குழாய் ஊதிப் பார்க்கப் போனார்கள். எனக்கு ஷிப்டு, போக முடியவில்லை. சாயந்திரம் செய்தி கேட்க ஓடினேன்.

கூடத்தில் மாமா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். எதிர்ச் சுவரோரம் தரையில் அக்கா, அவள் மடியில் புஜ்ஜி. சட்டப்படி இதுதான் இப்போது அவர்கள் உட்காரும் முறை. மாமா பூனையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஊதச் சொன்னாங்க புஜ்ஜி. பஸ் ஹாரன் மாதிரி ஊதினேன். டாக்டரம்மா சத்தம் போட்டு சிரிச்சாங்க. நெஞ்சு சுத்தமா கீதாம். இதே மாதிரி ஒழுங்கா இருந்தா நீ எங்கயும் போவத் தேவையில்லையாம். ஸ்பிரே மட்டும் நிறுத்தக்கூடாதாம். அப்பால வெளிய வரும்போது இவ இன்னா பண்ணா தெரியுமா..."

அடுப்படியிலிருந்து மீன் வாசனை வந்தது. புஜ்ஜி காதை நிமிர்த்தி, அக்காவின் மடியிலிருந்து குதித்து, வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மாமா நிறுத்தினார். அக்கா தலையை நிமிர்த்தவில்லை. காலி மடியில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இந்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்டால் அவர் மூடிக்கொள்வார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அக்கா கேட்டாள், மெதுவாக, முடியை எடுத்துக்கொண்டே.

"இன்னா பண்ணேன்?"

மாமா அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"படிக்கட்டுல நின்னுக்கினு அழுதே. நல்ல சேதிக்கு எவனாவது அழுவானா? எனக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல. கைக்குட்டையும் இல்ல. உனக்கு ஒரு டீ வாங்கியாரலாம்னு போனேன், அங்க பாரு, ஒருத்தன்..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். அடுப்படியில் புஜ்ஜி மீன் சட்டியின் மூடியைத் தள்ளிவிட்ட சத்தம் கேட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை.